கடைசியாகத் தொட்டவன்

லாரி ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவார்கள். பழைய டிரைவர்களில் இதை அறியாதவர் குறைவு. ஒரு கைப்பிடி தூளைத் தண்ணீரோடு ஊற்றினால் அது ஒழுகும் இடத்தில் போய் உப்பி அடைத்துக்கொள்ளும். பட்டறை இல்லாத காட்டுக்குள், இருட்டில், பாரத்தோடு நிற்கிற ஒருவனுக்கு அது பெரிய உபகாரம். ஊர் சேர்ந்துவிடலாம். சேர்ந்தபிறகு ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டையைப் பற்றவைத்து, உள்ளே போன மஞ்சளை அலசி எடுக்கவேண்டும். இந்தப் பின்பாதியை நாங்கள் செய்யவில்லை.

எங்களுடையது ஒரு பழைய டாடா 1210. சங்ககிரிப் பக்கம் ஒற்றை லாரியை நம்பிப் பிழைத்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அப்பா முதலாளி, கணக்கு என் கையில். வண்டி ஓட்டியவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, ஏத்தத்துல முள்ளு செவப்புக்குப் போகுதுங்க. ஒருக்கா ரேடியேட்டர அலசிப்போடலாங்களா?" என்று அவர் மூன்று தடவை கேட்டார். "இந்த நடை முடியட்டுங்ணா" என்று மூன்று தடவையும் சொன்னேன். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த நடைக்கு முன்னால் செய்துவிடுவதாகவே நினைத்திருந்தேன். பிறகு ஒரு டயர் செலவு வரும், இன்சூரன்ஸ் வரும்.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்குமேல் ஏறியபோது வண்டி கொதித்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தள்ளின. அண்ணன் ஒரு சாக்கை மடித்து மூடிமேல் போட்டுத் திறந்தார்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அழுத்தம் கூடினால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது. வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல இரு மடங்கு ஆனால் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழுகிறது. அதுவரை தண்ணீராக இருந்ததில் ஒரு பங்கு அப்படியே ஆவியாகி, மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. சாக்கு என்ன செய்யும்? வலது கை முழங்கை வரை வெந்துபோனது. கழுத்தும் காதோரமும்கூட. 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒன்றையே சொன்னார்கள். "முப்பது வருசம் ஓட்டுன ஆளு, சூட்டுல மூடியத் தொறக்கலாமா?" அண்ணனும் அதையே சொன்னார். "எம்மேலதானுங்க தப்பு. அவசரப்பட்டுட்டேன்." ஆஸ்பத்திரிச் செலவை அப்பா கட்டினார். ஊரில் அது தர்மம் என்று பேசப்பட்டது. அவர் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போதும் உடம்பு கூசத்தான் செய்கிறது.

மூடியைத் திறந்தது ஒரு செயல். அதற்கு இடம் உண்டு, நேரம் உண்டு, பார்த்த சாட்சி உண்டு. நான் அலசாமல் விட்டதற்கு இவை எதுவும் இல்லை. எந்தத் தேதியில் அலசாமல் விட்டேன்? ஒவ்வொரு நாளும்தான். அதனாலேயே எந்த ஒரு நாளும் குற்றத்தின் நாள் ஆகவில்லை. நம் நியாய உணர்ச்சி கைகளைத் தேடுகிறது. கடைசியாகத் தொட்ட கை கிடைத்ததும் தேடலை முடித்துக்கொள்கிறது. அந்தக் கை பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்கிறவனின் கையாகத்தான் இருக்கிறது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குகிற இடத்தில் இருப்பவன் எதையும் தொடுவதே இல்லையே.

எங்கள் லாரியோடு ஒப்பிடக் கூடாத அளவு பெரிய விஷயம், ஆனாலும் போபால் நினைவுக்கு வராமல் இல்லை. 1984 டிசம்பர் 2 இரவு விஷவாயு கசிந்த அந்தத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவேண்டிய குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கவேண்டிய கோபுரமும் பராமரிப்புக்காக இயங்காமல் இருந்தது. யூனியன் கார்பைடு நிறுவனமோ, யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீர் விட்டான் என்று வாதிட்டது. அதையே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், குளிரூட்டியை நிறுத்தியவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அண்ணன் வீடு திரும்பியபிறகுதான் வண்டியைப் பட்டறையில் விட்டேன். மேஸ்திரி முதலில் எஞ்சினை ராத்திரி முழுக்க ஆறவிட்டார். காலையில் ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபிறகு செம்மண் குழம்பாக வந்தது. எஞ்சின் பிளாக்கில் இருக்கிற திருகையும் கழற்றினால்தான் உள்ளே தங்கியது முழுக்க இறங்கும். மேலே மட்டும் வடித்துவிட்டு அலசியாயிற்று என்று சொல்வது பட்டறை வழக்கமாம். தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய கூட்டைத் திறந்தால் அது காலி. எங்களுக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, வண்டி சூடாகிறது என்று அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். பிடுங்கினால் சூடு தீராது. எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும்; டீசலும் வீண், தேய்மானமும் கூடுதல்.

பிறகு குழாயைக் கீழ்வாயில் கட்டித் தண்ணீரை எதிர்த்திசையில் அடித்தார். போன வழியிலேயே தள்ளினால் அடைப்பு இறுகும், வந்த வழியே தள்ளினால்தான் கழலும். அதுவும் பாதிதான் பலித்தது. கடைசியில் ரேடியேட்டர்காரர் மேல்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கித் தனியே எடுத்தார். உள்ளே பார்த்தேன். குழாய் வரிசையில் பாதி கண் மூடியிருந்தது. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு, அடுப்பில் வைத்த பாத்திரத்தில் படிவதுபோல வெள்ளையாக. அதன்மேல் துரு. அதற்கும்மேல் மஞ்சள் கட்டிகள். நாளில்லை என்று நினைத்த குற்றத்துக்கு அங்கே அடுக்கு அடுக்காக நாள் இருந்தது. மேஸ்திரி ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். "இது யாரு போட்டது?" "நான்தாங்க," என்றேன். தாளவாடிக்குப் பக்கத்தில் ஒருமுறை நானும் கூடப் போயிருந்தபோது போட்டது. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

எஞ்சினில் எரிகிற டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடாக அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. டீசலுக்கும் ஆயிலுக்கும் பைசா பார்த்துக் கணக்கெழுதிய என் நோட்டில் தண்ணீருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இலவசமாகக் கிடைப்பதைக் கவனிக்கவேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீர் மட்டுமில்லை, அண்ணனின் பொறுமையும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

திருக்குறளில் சோம்பலுக்கு எதிராக மடியின்மை என்று ஓர் அதிகாரம் இருக்க, பொச்சாவாமை என்று 54ஆம் அதிகாரம் தனியாக இருப்பதன் நியாயம் எனக்கு அந்தப் பட்டறையில்தான் புரிந்தது. நான் சோம்பேறி இல்லை. நாள் முழுக்க ஓடியவன்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, பணம் வருகிறது என்ற மிதப்பில் மறந்தவன். அந்த மறதியை எல்லை மீறிய கோபத்தைவிடத் தீயது என்று வள்ளுவர் வைக்கிறார். கோபம் கொண்டவனுக்குத் தான் கோபப்படுவதாவது தெரியும் என்பதாலோ என்னவோ.

வாலை வடிநீரில் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றினோம். மேஸ்திரி சிந்தியதைச் சாக்கால் துடைத்து, மிச்சம் இருந்த டப்பாவை மூடி அலமாரிமேல் வைத்தார். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். பட்டறை வாசலில் ஒரு தாய்நாய் குட்டி போட்டிருந்தது. யாரும் அவரைக் கேட்டிருக்கப்போவதில்லை. நாய் செத்தால் நாய் நக்கியது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மூடியைத் திறந்தது நீங்கள், ஆனால் கொதிக்கவிட்டது நான் என்று. "அதெல்லாம் எதுக்குங்க தம்பி இப்ப," என்றார். நான் மன்னிப்புக் கேட்பதை ஏற்றுக்கொண்டால், முதலாளி வீட்டின்மேல் குற்றம் சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அதற்குமேல் வற்புறுத்தினால் என் பாரத்தை இறக்க அவரை மறுபடி கூலியாக்குவதாக இருக்கும் என்று தோன்றி எழுந்து வந்தேன். அந்த மாதத்திலிருந்து அலசிய தேதியையும் முள் எங்கே நிற்கிறது என்பதையும் நோட்டில் எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து வண்டியை விற்றோம். வாங்க வந்தவர் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துத் திருப்தியாகத்தான் இருந்தார். நான் நோட்டைக் காட்டி, முன்பு ஒருமுறை மோசமாகக் கொதித்த வண்டி, ஹெட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை, குழாய்களில் சில இன்னும் அடைப்புதான் என்று சொன்னேன். அவர் பதினைந்தாயிரம் குறைத்தார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.