கொஞ்சம் குளிரோடு கிளம்புங்கள்

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி ஊட்டியில் இறங்குபவர் 50 கிலோமீட்டர் பயணத்திலேயே ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறார். 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே வியர்வையைத் துடைத்தவருக்கு மேலே பல் கிட்டிப்போவதில் வியப்பில்லை. மேலே போனபிறகும் குளிர் ஒரே சீராக இருப்பதில்லை. ஜனவரி விடியலில் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும். பதினோரு மணி வெயில் முதுகைச் சுடும். பிற்பகலில் மேகம் இறங்கினால் மறுபடி விரல் விறைக்கும்.

குன்னூரில் வசிக்கும் நான், இங்கே வரும் ஆண்களின் உடையைக் கவனிப்பதுண்டு. பலரும் தடித்த ஜெர்கின் ஒன்றை வாங்கி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். உள்ளே பனியன் மட்டும். போட்டால் புழுக்கம், கழற்றினால் நடுக்கம், நடுவே வழி கிடையாது. அதே காசுக்கு ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை, முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர், காற்றும் தூறலும் புகாத லேசான மேலங்கி என்று வாங்கியிருந்தால் நாள் முழுதும் ஏற்றியும் இறக்கியும் சமாளிக்கலாம்.

துணி சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பு உண்டாக்கும் சூட்டைத் துணிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் காக்கிறது. அதனால்தான் மேலங்கி ஓர் அளவு தளர்வாக இருக்க வேண்டும் என்கிறேன். இறுக்கிப் பிடித்தால் காற்றுக்கு இடமில்லை. இதைக் கெடுப்பது வியர்வை. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். திருப்பூர்ப் பருத்திப் பனியனைப்போலச் சமவெளிக்கு உகந்த உடை வேறில்லை. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கிறதே, அந்தக் குணமேதான் மலையில் வினையாகிறது. ஏறி நடந்து நனைந்த பனியன், நின்றதும் நெஞ்சோடு ஒட்டிக் குளிரை உள்ளே இறக்கும். நடக்கப் போகிறவர்கள் அடியில் மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ அணிவது நல்லது. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, அவர் பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய உடைகளைப் பல அடுக்காக அணிந்திருந்தது தெரிந்தது. நூறாண்டுக்கு முன்பே மலையேறிகளுக்கு இது தெரிந்திருக்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பேன். தோளில் கிடந்த துண்டு வெயிலில் முண்டாசானது, பனியில் காதை மூடியது, வியர்த்தால் துடைத்தது, மழைக்குத் தலையில் ஏறியது. வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கிவிடுவதும் பொழுதுக்குப் பொழுது நடந்தது. அந்தத் துண்டு எல்லாருக்கும் ஒன்றுபோல் வாய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் என்ற கொடுமை இந்த மண்ணில் இருந்தது. தன் உடம்புக்கு வேண்டியதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அங்கே பறிக்கப்பட்டது. அடுக்கி உடுத்துவதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய ஆணுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் காலையில் மாட்டியதை மாலைவரை மாற்றாமல் இருப்பதையே கம்பீரம் என்று நினைக்கிறான். ‘ஆம்பளைக்கு என்ன குளிரு’ என்று கேட்டே வளர்ந்தவனுக்கு, நாலு பேர் நடுவில் ஸ்வெட்டரை எடுத்துப் போடவும் கூச்சம், கழற்றி இடுப்பில் கட்டவும் கூச்சம். இங்கே தேயிலை பறிக்கும் பெண்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. விடியலில் புடவைமேல் ஆண்கள் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். வெயில் ஏறினால் ஸ்வெட்டர் இடுப்புக்குப் போய்விடும். கை மட்டும் நிற்காது.

மலையில் நடப்பவர்கள் வீட்டு வாசலில் லேசாகக் குளிரும்படியே கிளம்புவார்கள். பத்து நிமிட நடையில் உடம்பு சூடேறிவிடும். வியர்க்கத் தொடங்கும் முன்பே ஒன்றைக் கழற்றுவார்கள், நின்றால் நடுக்கம் வரும் முன்பே போட்டுக்கொள்வார்கள். அந்த ‘முன்பே’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தாங்கிப் பார்ப்போம் என்ற பிடிவாதம் அதில் இல்லை. கோபத்தையும் களைப்பையும்கூட இப்படி முற்றுமுன் கவனிக்கப் பழகினால் வீட்டில் பாதிச் சண்டை இருக்காது என்று நம்புகிறேன்.

உடம்பு சொல்வதைக் கேள் என்பது முதியவர்களிடம் மட்டும் செல்லாது. வயதானால் குளிரை உணரும் திறனே மங்கும். “அப்பா, ஸ்வெட்டர் போட்டுக்குங்க” என்றால், “எனக்குக் குளிரே தெரியலடா” என்பார். தெரியாததுதான் என் கவலை. அவருக்கு வாங்கும்போது பெரிய பொத்தான் வைத்ததாக, சட்டைமேல் தளர்வாக விழுவதாக, கண்ணாடி வைக்கப் பை உள்ளதாகப் பார்க்கிறேன். தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுப்பதில்லை. தோள்வலிக்காரர் அதைப் போட்டுக்கொள்ள மாட்டார். போட்டுவிட்டால், வெயில் கொளுத்தினாலும் கழற்ற மாட்டார்.