பக்கத்து மனையை யாருக்கு விற்பது?

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே அமைந்துள்ளது கூட்டேரிப்பட்டு. மயிலத்திற்கும் புதுவைக்கும் செல்லும் சாலை பிரியும் இடமாதலால், பேருந்து மாறுவோரின் சந்தடி அங்கே ஓய்வதில்லை. கடலையும் கம்பும் விளைந்த நிலங்கள் பல இப்போது மனைகளாகிவிட்டன. வரிசையாக நடப்பட்ட எல்லைக் கற்களும், அவற்றின் நடுவே பறக்கும் வண்ணக் கொடிகளும் சாலையில் செல்வோர் கண்ணில் படாமல் போவதில்லை.

மனை வாங்குவதும் வீடு கட்டுவதும் பற்றிய சட்டதிட்டங்கள் கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்வதற்குத் தடை விதித்தது. 2017 மே மாதத்தில் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முற்பட்ட மனைகளுக்கு வழி திறந்தது. 2024 ஜூலையில், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து இணைய வழியே அனுமதி பெறும் முறை வந்தது. சாலையின் அகலம் என்ன, பொதுவுக்கு விட்ட இடம் எவ்வளவு, வரைபடம் சரிதானா என்றெல்லாம் இவ்விதிகள் கேட்கின்றன. பக்கத்து மனைக்கு யார் வருவார் என்று மட்டும் அவை கேட்பதில்லை. அந்த வினாவை மனிதர்களே கேட்கின்றனர்.

அவ்வினாவோடுதான் சில மாதங்களுக்கு முன் அவ்வட்டாரத்து அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். மகனின் படிப்புக்காக வாங்கிய கடனை அடைக்க, தம் வீட்டை ஒட்டிய மனையை விற்க வேண்டிய நிலை அவருக்கு. நம் சமுதாயத்தைச் சாராத ஓர் ஆசிரியர், கேட்ட விலையைத் தர முன்வந்தார். மனைக்கு மறுபுறம் குடியிருப்பவரோ நம்மவர். “அண்டை வீட்டுக்காரனாகிய எனக்கு ஷுஃப்ஆ உரிமை உண்டு, நான் இருக்க, அன்னியருக்கு விற்பது ஹராம்” என்று கூறி, இரண்டு இலட்சம் குறைத்துக் கேட்டார். “ஒரு மனை போனால் தெருவே போயிற்று” என்று உறவினரும் அவருக்குப் பக்கம் பேசினர். “மார்க்கம் என்ன சொல்கிறது? இரண்டு இலட்சத்தை இழப்பதா, இறைவனுக்கு மாறு செய்வதா?” என்று கேட்ட அன்பரின் குரல் தழுதழுத்தது.

இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நகரங்களில் வாடகை வீடு தேடி அலைந்த நம் இளைஞர்களைக் கேட்டால் தெரியும். தொலைபேசியில் இனிமையாகப் பேசிய வீட்டுக்காரர், பெயரைக் கேட்டதும் “வீடு நேற்றே முடிந்துவிட்டது” என்பார். அந்தப் பொய்யின் கசப்பை அனுபவித்தவர்கள் நாம். அனுபவித்த நாமே, விற்கும் இடத்தில் நிற்கும்போது என்ன சொல்லப் போகிறோம் என்பதே இங்கு நம் முன்னுள்ள சோதனை.

முதலில் ஷுஃப்ஆவை எடுத்துக்கொள்வோம். அது நம் மார்க்கச் சட்டத்தில் உள்ள உரிமையே, யாரும் இட்டுக்கட்டியதன்று. ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. நபித்தோழர் அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள், ஸஅத் (ரலி) அவர்களின் வளவுக்குள் இருந்த தம் இரு அறைகளை வாங்கிக்கொள்ளுமாறு அவரையே கேட்டார்கள். தவணையில் நாலாயிரம் திர்ஹத்திற்கு மேல் தர இயலாது என்றார்கள் ஸஅத் (ரலி). அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கோ வேறிடத்தில் ஐந்நூறு தீனார் விலை கிடைத்திருந்தது. ஆயினும், அருகில் இருப்பவருக்கே முந்திய உரிமை என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டிருப்பதாகச் சொல்லி, குறைந்த விலைக்கே அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நம் அன்பரின் அண்டை வீட்டுக்காரர் இந்நிகழ்ச்சியையே சான்றாகக் காட்டினார். ஆனால், இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. விலையைக் குறைத்துக்கொண்டவர் விற்றவர். அது அவர் மனமுவந்து செய்த பேருபகாரம். வாங்கியவர் உரிமையின் பெயரால் அதைப் பறிக்கவில்லை. இவ்வேறுபாட்டைச் சட்ட அறிஞர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். ஆதலால்தான், ஷுஃப்ஆவைக் கோருபவர் வெளியார் தரும் அதே விலையைத் தந்தாக வேண்டும் என்று விதித்தனர். விற்பனைச் செய்தி காதில் விழுந்ததும் தாமதமின்றிக் கோர வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தனர். ஒருவரின் நெருக்கடியைக் காரணம் காட்டி விலையைக் குறைக்க இந்த உரிமை இடம் தருவதில்லை.

இந்த உரிமை யாருக்கு உண்டு என்பதிலும் இமாம்கள் ஒரே கருத்தினர் அல்லர். ஷாஃபிஈ மத்ஹபில், பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டுமே ஷுஃப்ஆ உண்டு. சுவரை ஒட்டி வாழ்வதனால் மட்டும் அது கிட்டாது. ஹனஃபீ மத்ஹபிலோ மூன்று படிகள் வகுக்கப்பட்டுள்ளன. முதலில் பங்காளி, அடுத்து வழி, நீர்ப்பாய்ச்சல் போன்றவற்றில் பங்குடையவர், அதற்கும் அடுத்தே ஒட்டி வாழும் அண்டை வீட்டார். நம்முள் பலர் அறியாத செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று ஹனஃபீ சட்டம் சொல்லவில்லை. இவ்வுரிமையில் முஸ்லிமும் முஸ்லிமல்லாதாரும் சமம் என்பதே அம்மத்ஹபின் தீர்ப்பு. அப்படியாயின் அந்த ஆசிரியர் மனையை வாங்கிக் குடியேறி, நாளை அதற்கடுத்த மனை விலைக்கு வரும்போது, ஷுஃப்ஆ என்று சொல்லி முதலில் எழுந்து நிற்கும் உரிமை அவருக்கும் உண்டு. அன்னியரைத் தடுக்கும் வேலி என்று நாம் எண்ணிய சட்டம், அவர் வந்து அமர்ந்த கணமே அவருக்கும் காவலாகிவிடுகின்றது.

நாட்டுச் சட்டத்தின் நிலை வேறு. சென்னை மாகாணத்தில் ஷுஃப்ஆவை நீதிமன்றத்தின் வழியே நிலைநாட்ட இயலாது என்று 1870-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 1962-இல் உச்ச நீதிமன்றம், பாவ் ராம் வழக்கில், பங்காளியின் முன்னுரிமையை ஏற்றுக்கொண்டு, வெறும் அண்டை வீட்டாரின் முன்னுரிமையை அரசியல் சட்டத்திற்கு ஒவ்வாதது எனத் தள்ளியது. வேற்று மதத்தாரும் வேற்றுச் சாதியாரும் ஒரு தெருவுக்குள் நுழையாமல் தடுக்க முற்காலத்தில் அது பயன்பட்டது என்பது நீதிபதிகளின் கருத்துக்கு ஓர் அடிப்படை. உறவைப் பேண வந்த உரிமை, விலக்கி வைக்கும் கருவியாகத் திரிந்தபோது அதன் மதிப்பு அழிந்தது. இது நம் சிந்தனைக்கு உரியது.

இனி மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். “ஐவேளையும் பாங்கொலி கேட்கும் தூரத்தில் குடியிருக்க விரும்புவது குற்றமா? பிள்ளைகள் மத்ரஸாவுக்கு நடந்தே போய்வர வேண்டாமா? மையவாடி பக்கத்தில் இருக்க வேண்டாமா? கலவரக் காலத்தில் தனித்து நின்ற வீடுகள் பட்ட பாட்டை மறந்துவிடலாமா?” என்று கேட்பார் உண்டு. இவை யாவும் நியாயமான வினாக்களே. பள்ளிவாசலை நாடி நாலு குடும்பங்கள் அருகருகே வீடு கட்டிக்கொள்வதில் பழுதேதும் இல்லை. கோயிலை ஒட்டியும் தேவாலயத்தை ஒட்டியும் மக்கள் அவ்வாறே வாழ்கின்றனர்.

ஆனால், அருகே வந்து வாழ விரும்புவது வேறு. அருகே வராதே என்று தடுப்பது வேறு. முன்னது ஒன்றை நேசிப்பதால் பிறப்பது. பின்னது ஒருவரை வெறுப்பதாலோ, அவருக்கு அஞ்சுவதாலோ பிறப்பது. முன்னதில் யாருக்கும் எதுவும் மறுக்கப்படுவதில்லை. பின்னதில் ஒரு மனிதர், அவர் செய்த செயலுக்காக அன்றி, அவர் பிறந்த குடிக்காக வாசலில் நிறுத்தப்படுகிறார். இந்த எல்லைக்கோட்டை நாம் மனத்தில் பதித்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். அச்சத்தைப் பற்றி ஒரு சொல்: அது பொய்யன்று, ஆயினும் அச்சத்திற்கு மருந்து மதிலாகாது. மதிலுக்கு அப்பால் நம்மை அறிந்தவர் ஒருவரும் இல்லாத நாளில்தான் ஆபத்து மிகுதி. நமக்காகச் சான்று சொல்லப் பக்கத்து வீட்டில் ஒருவர் வேண்டாமா?

அரசுகளும் இச்சிக்கலைத் தீர்க்க முயன்றுள்ளன. தமிழக அரசின் பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீடுகள். ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10 என்று பங்கிட்டு, எல்லாரையும் கலந்து குடியமர்த்துவது திட்டம். முதலாவது சமத்துவபுரம் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நம் விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்துக் கொழுவாரியில், வீடுகள் கட்டப்பட்டுப் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த சமத்துவபுரம் 2022 ஏப்ரல் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது.

கடல் கடந்த சிங்கப்பூரிலோ இன்னும் கண்டிப்பான ஏற்பாடு. நம் உறவினர் பலர் அங்கே வாழ்வதால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளை நம் குடும்பங்கள் அறியும். 1989 மார்ச் முதல், ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தவர்க்கும் உச்ச வரம்பு உண்டு. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு கட்டடத்தில் 15 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்பது 2010-இல் திருத்தப்பட்ட அளவு. ஓரினத்தார் ஓரிடத்தில் ஒதுங்கிவிடாமல் இவ்விதி காத்தது உண்மை. ஆனால், ஒரு கட்டடத்தில் சீனர்க்குரிய வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைகின்றனர்; விலையும் தாழ்கிறது. கலந்து வாழ்வதன் விலையைச் சிறுபான்மையோரே மிகுதியாகச் செலுத்த நேர்கிறது. இந்த இடர்ப்பாட்டை அரசே ஏற்று, மிகவும் துன்புறுவோரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழியை 2022-இல் வகுத்தது.

இவ்விரண்டும் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. சுவரோடு சுவர் சேரும்படி வீடுகளை வைக்க அரசால் முடியும். ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் அடுத்த வீட்டுக் கதவைத் திறக்க வைப்பது அரசால் ஆகாது. அந்தக் கதவு மார்க்கத்தின் பொறுப்பு, மனச்சாட்சியின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை நம் மார்க்கம் எவ்வளவு ஆழமாக வலியுறுத்தியுள்ளது! அண்டை வீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் (அலை) இடைவிடாது அறிவுறுத்தியதால், அவர்களைச் சொத்துக்கே வாரிசாக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்த ஹதீஸை அறியாதார் இல்லை. அதைத் தம் வீட்டில் நடத்திக் காட்டியவர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி). அவர்கள் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, “பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா?” என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. காரணமாக அவர்கள் எடுத்துச் சொன்னதும் இதே ஹதீஸைத்தான். அதில் வரும் அண்டை வீட்டார் எந்த மதத்தினர் என்ற ஐயம் அவர்களுக்கு எழவே இல்லை.

நம் ஊர்களுக்கும் இப்பண்பு புதிதன்று. ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கும் சிறுவர்களில் எத்தனையோ பேர் பிற சமயத்து வீட்டுப் பிள்ளைகள். பொங்கலன்று பக்கத்து வீட்டிலிருந்து கரும்பு வந்ததும், பெருநாளன்று நம் வீட்டிலிருந்து அங்கே தட்டு போனதும் நம் தாய்மார்கள் பேசாமல் நடத்திவந்த ஒப்பந்தம். ஒரே சமயத்தார் மட்டும் வாழும் தெருவில் அந்தத் தட்டு எங்கே போகும்? அண்டை வீட்டார்க்கு உரிய கடமையைப் பற்றி அங்கே பயான் நடக்கலாம். அதை முழுமையாகச் செய்து பார்க்க வாய்ப்பிருக்காது.

அந்த அன்பருக்கு நாம் சொன்ன மறுமொழி இதுதான். “ஆசிரியர் தர ஒப்பிய விலையை உங்கள் அண்டை வீட்டாரிடம் ஒளிவின்றிச் சொல்லுங்கள். அதே விலைக்கு அவர் வாங்கினால் அவருக்கே கொடுத்து நபிவழியின் நன்மையைப் பெறுங்கள். நீங்களே விரும்பிக் குறைத்துக்கொண்டால் அது உங்கள் தர்மம். ஆனால் கடன்பட்டிருக்கும் உங்களிடம் அதைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு இல்லை. அவரால் இயலாதெனில் மனநிறைவோடு ஆசிரியருக்கு விற்றுவிடுங்கள். மனையில் வில்லங்கம் ஏதுமிருப்பின் அதை அவரிடம் மறைக்காதீர்கள். குறையை மறைத்து விற்பதே மார்க்கம் விலக்கியது. அவர் குடிவந்த அன்று முதல் உணவை உங்கள் வீட்டிலிருந்து அனுப்புங்கள்.”

அண்டை வீட்டார் ஒரு வார அவகாசம் கேட்டார், பணம் திரளவில்லை. மனை ஆசிரியருக்கே பதிவாயிற்று. உறவினருள் சிலர்க்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அவர்களைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. ‘வீடு நேற்றே முடிந்துவிட்டது’ என்னும் சொல்லை மற்றவர் வாயில் கேட்டு வருந்திய நாம், அதை நம் வாயால் சொல்லாதிருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை. வந்தவர்க்கு நல்ல அண்டை வீட்டாராக இருக்கும் கடமையே தரப்பட்டுள்ளது. அதை நிறைவேற்றும் மன விரிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.