தகப்பன்சாமி கதையில் குனிந்தது யார்?



போன கிருத்திகைக்கு செஞ்சியிலிருந்து அப்பாவோட மயிலம் போனேன். மனசுல ஒரு உறுத்தல். அதை முருகன்கிட்ட இறக்கி வைக்கத்தான் போனேன்.

ஆபீஸ்ல என் சீனியர் அண்ணா எழுதின கோடை ரிவ்யூ பண்ணினது நான். ஒரு எண் இடிச்சது. "அவருக்குத் தெரியாததா"ன்னு அப்ரூவ் பண்ணிட்டேன். ரெண்டு நாள் கஸ்டமர்களுக்குத் தப்பான பில் போச்சு. திட்டு முழுக்க அவருக்கு. நான் வாயே திறக்கல. தப்பு அவரோடது மட்டும்தானா?

விமான விசாரணை அறிக்கைகள் படிக்கிறது எனக்கு ஒரு பைத்தியம். 2015 மார்ச் 10, சிட்னியிலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய ஏர்ஏசியா எக்ஸ் விமானம். புறப்படும் முன், நிற்கிற இடத்தின் தீர்க்கரேகையைக் கேப்டன் கையால் பதிகிறார். 15109.8 போட வேண்டிய இடத்தில் 01519.8. தான் 11,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பதாக விமானம் நினைத்துக்கொண்டது! பக்கத்தில் இன்னொரு பைலட் இருந்தார். தப்பைப் பிடிக்கப் பல வாய்ப்புகள் இருந்தன. மேலே ஏறி, விமானம் வேறு பக்கம் திரும்பிய பிறகுதான் புரிந்தது. கடைசியில் மெல்போர்னில் பத்திரமாக இறங்கினார்கள்.

அதில் யாரும் பார்க்கல. நான் பார்த்தும் சொல்லல. என்னோடது அதைவிட மோசம்.

சரி, சொல்லிட்டா போதுமா? 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். இறங்கும்போது உயரம் அதிகம், வேகமும் அதிகம். துணை பைலட் கவனிச்சுட்டார். இறக்காம மறுபடி மேலே போகச் சொல்லி மூணு தடவை குரல் கொடுத்தார். கேப்டன் கேட்கல. ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தாங்க, 8 பேர்தான் பிழைச்சாங்க. துணை பைலட் தானே கட்டுப்பாட்டை எடுக்கலாமா என்பதில் விதிகள் தெளிவாக இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறது விசாரணை அறிக்கை.

மயிலம் மலைப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் அப்பாகிட்ட கொட்டினேன். அவர் சுவாமிமலைக்குப் போயிட்டார். "புள்ள உபதேசம் பண்ணிச்சுன்னுதான் எல்லாரும் பேசறீங்க. அப்பன் குனிஞ்சு காது கொடுத்தாரு பாரு, அதை எவன்டா பேசறான்?"

உண்மைதானே. நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வைக்கிறது குழந்தை முருகனைத்தான். "நான் யார் தெரியுமா"ன்னு ஈசன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தக் கதையே கிடையாது. பிரணவம் சரியாகவே சொல்லப்பட்டிருக்கும், கேட்க ஆள் இருந்திருக்காது.

திங்கட்கிழமை அண்ணாவுக்கு போன் போட்டேன். "அந்த எண்ணை அன்னைக்கே பார்த்தேன் அண்ணா, சொல்லல." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அடுத்த தடவை சண்டை போட்டாவது சொல்லுடா"ன்னார்.

நேத்து என் கோடுல ஒரு ஜூனியர் பொண்ணு கேட்டிருந்தா: "அண்ணா, இந்த லைன் சரியா?" முகம் சுருக்குன்னு சூடாச்சு. பதில் எழுதப் பத்து நிமிஷம் ஆச்சு. அவ கேட்டது சரிதான்.

முருகா சரணம் 🙏