முதல் வரியில் ஒரு கருத்து

'பொம்மிடி ஹேஸ் எ ரயில்வே ஸ்டேஷன்' என்று ஆங்கிலப் பத்தியைத் தொடங்கும் மாணவிக்கு அடுத்த வரியிலேயே பேனா நின்றுவிடுகிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது வெறும் தகவல்; சொன்னதோடு முடிந்துவிட்டது. அதையே 'மார்னிங் இஸ் தி பிஸியஸ்ட் டைம் அட் பொம்மிடி ஸ்டேஷன்' என்று எழுதட்டும். ஏன் அவ்வளவு பரபரப்பு, யார் யார் வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று படிப்பவர் கேட்பார். சேலத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், டிக்கெட் வரிசை என்று பதில் சொல்லச் சொல்லப் பத்தி தானாக வளரும்.

பேசப்போகும் பொருள், அதைப் பற்றி நாம் நினைப்பது: இந்த இரண்டும் முதல் வரியில் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1866-லேயே பத்திக்கு விதிகள் வகுத்து, தொடக்க வாக்கியம் பொருளைச் சுட்ட வேண்டும் என்றார். நாமோ இன்னும் 'ஐ கெட் அப் அட் சிக்ஸ்' என்று ஆறு மணியிலிருந்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளைகளுக்குத்தான் முதல் வரியில் கருத்தை வைக்கும் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டும்.

கருத்து இருந்தால் மட்டும் போதாது; 'லைஃப் இன் மை டவுன் இஸ் குட்' என்பது மிக அகலமானது. ஒரு பத்தியில் அடங்காது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் முதல் வரியோடு வைத்துப் பாருங்கள். ஸ்டேஷன் பத்தியில் சேர்வராயன் மலையின் அழகு நுழைந்திருந்தால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அதற்குத் தனிப் பத்தி எழுதலாம்.