வேடத்துக்கு மானம் உண்டா?

"வேடந்தானே! அரங்கிலே கட்டுகிறோம், திரை விழுந்ததும் கலைக்கிறோம். இதில் மானம் ஏது, ஈனம் ஏது?" என்று கேட்போர் உளர். கூலி கொடுப்பவன் குனியச் சொன்னால் குனிவதும், அழச் சொன்னால் அழுவதுமே நடிகன் தொழில் என்பர் அவர்கள். மானம் என்பது வயிறு நிறைந்தவன் அணியும் பட்டாடை. வறியவனுக்கு அது வீண் சுமை என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மைதானா? ஒரு மனிதனின் வாழ்வை முன்னிறுத்தி விடை தேடுவோம்.

பகாமா தீவுக் கூட்டத்திலே கேட் தீவு என்றொரு சிறு தீவு. அங்கே தக்காளி பயிரிட்டுப் பிழைத்தனர் ரெஜினால்டு, எவலின் என்னும் கறுப்பின உழவர் இணையர். விளைந்ததை விற்க அவர்கள் அமெரிக்காவின் மயாமி நகருக்குச் சென்றிருந்தபோது, 1927 பிப்ரவரி 20ஆம் நாள், குறைமாதக் குழந்தையாகப் பிறந்தான் சிட்னி பாய்ட்டியர். பெற்றோருடன் தீவுக்குத் திரும்பி அங்கேயே வளர்ந்தான். அத்தீவிலே மின்விளக்கு இல்லை, குழாய்நீர் இல்லை. ஆனால், "நீ தாழ்ந்தவன்" என்று சொல்ல ஆளும் இல்லை! வறுமை இருந்தது, இழிவு இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு இவன் வரலாறு விளங்காது.

15ஆம் வயதில் மயாமியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். ஒருநாள் ஒரு வெள்ளையர் மாளிகைக்குப் பொருள் கொண்டு சென்றான். முன்வாசலில் நின்றவனைப் பின்வாசலுக்குப் போகச் சொன்னாள் வீட்டுக்காரி. பொருள் இதோ, வாங்கும் கை அதோ. இடையிலே எதற்குப் பின்வாசல்? அவனுக்குப் புரியவில்லை. பொருளை வாசற்படியிலே வைத்துவிட்டுத் திரும்பினான். அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது, தோலின் நிறமும் ஒரு குற்றமாகக் கருதப்படும் நாட்டிலே தான் இருப்பது!

அடுத்து நியூயார்க் நகரம். கிடைத்த வேலை, உணவு விடுதியிலே பாத்திரம் கழுவுவது. அமெரிக்க நீக்ரோ நாடக அரங்கத்திலே நடிகர் தேவை என்ற விளம்பரம் கண்டு ஓடினான். கையிலே கொடுத்ததைப் படிக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறினான். தீவின் பேச்சுவாடை வேறு! "வீணாகப் பிறர் நேரத்தைக் கெடுக்காதே, பாத்திரம் கழுவும் வேலைக்குப் போ" என்ற பொருள்படக் கடிந்து வெளியே அனுப்பினார் அங்கிருந்தவர். அவன் பாத்திரம் கழுவுபவன் என்பதை அவரிடம் அவன் சொல்லவே இல்லை! பார்த்த மாத்திரத்திலே ஒருவன் விதியை எழுதிவிட முடியுமா? முடியாது என்று காட்டவே நடிகனாவது என உறுதி பூண்டான்.

வானொலியைக் கேட்டுக் கேட்டு நாவைத் திருத்தினான். விடுதியிலே பரிமாறுபவராக இருந்த முதியவர் ஒருவர், யூதர், வேலை முடிந்த இரவுகளிலே செய்தித்தாளை விரித்துவைத்துப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். பெயர் ஏட்டில் ஏறாத ஆசிரியர் அவர்! மீண்டும் அதே அரங்கத்தின் கதவைத் தட்டினான். அரங்கத்தைப் பெருக்கித் துடைப்பது கூலி. நடிப்புப் பயிற்சி அதற்கு ஈடு. இப்படித்தான் பாத்திரம் துலக்கியவன் பாத்திரம் ஏற்க வந்தான். 1950இல் வெளியான 'நோ வே அவுட்' படத்திலே மருத்துவராக நடித்தார். திரையிலே கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஏவலாளாகவும் எடுபிடியாகவும் காட்டப்பட்ட நாள் அது!

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. இரண்டாவது குழந்தை பிறக்கவிருந்த வேளை. மருத்துவமனைக்குக் கட்டவேண்டிய 75 டாலர் கையில் இல்லை. அப்போது வந்தது ஒரு வாய்ப்பு. வாரத்துக்கு 750 டாலர்! வேடம் என்ன? ஒரு தந்தை. கொலையாளிகள் அவன் மகளைக் கொன்று பிணத்தை வீட்டு முற்றத்திலே வீசிவிட்டுப் போகிறார்கள். தந்தையோ வாய் திறப்பதில்லை, விரலும் அசைப்பதில்லை. கதை அவ்வளவுதான்.

பாய்ட்டியர் மறுத்துவிட்டார்! வீட்டுச் சாமான்களை ஈடாக வைத்து 75 டாலர் கடன் வாங்கினார். எந்தப் பாத்திரத்தையும் கழுவத் தயங்காத கை, இந்தப் பாத்திரத்தைத் தொட மறுத்தது! காரணம், தக்காளி விற்றுப் பிழைத்த தன் தந்தை ரெஜினால்டு அப்படிப்பட்டவர் அல்லர் என்பது அவருக்குத் தெரியும். பெற்ற மகளுக்காகத் துடிக்காத ஒருவனைக் கறுப்பினத் தந்தை என்று உலகுக்குக் காட்டத் தான் கருவியாவதா? வேடம் கலைந்துவிடும், பார்த்தவர் நெஞ்சிலே பதிந்தது கலையுமா? வேடத்துக்கும் மானம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

ஆனால், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். மறுக்க முடியாதவர்களின் கதை என்ன?

ஹாட்டி மெக்டானியல் என்றோர் அம்மையார். 'கான் வித் தி விண்ட்' படத்திலே அடிமைப் பணிப்பெண்ணாக நடித்து, 1940இல் ஆஸ்கர் விருது பெற்றார். விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. அந்த விருந்து மண்டபத்திலே, உடன் நடித்தவர்களோடு அமர அவருக்கு இடமில்லை. ஒதுக்குப்புறத்திலே தனி மேசை! தொடர்ந்து பணிப்பெண் வேடங்களையே ஏற்றதற்காக அவருடைய இனத்தவரே அவரைக் குறை கூறினர். கூறலாமா? வாசல் தாழ்ந்திருந்தால், நிமிர்ந்து நடப்பவன் தலை உடையும். குனிந்து நுழைந்தவரைக் கோழை என்று தூற்றுவதா, வாசலை இடித்து உயர்த்துவதா? எது அறிவுடைமை?

மானத்துக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அதைப் படித்து, ஏழையைப் பார்த்து, "உனக்கு மானம் இல்லையே" என்று கேட்பது எளிது. ஆனால் மானம் தனியே முளைப்பதில்லை. அதற்கும் நீர் ஊற்ற ஆள் வேண்டும். நிமிர்ந்து நின்ற தந்தை ஒருவர், எழுத்தறிவித்த முதியவர் ஒருவர் இருந்தனர் பாய்ட்டியருக்கு. அவருடைய மறுப்பைக் கண்டு வியந்த முகவரே பின்னர் அவருக்காக வாதாடி வாய்ப்புத் தேடித் தந்தார். 'லிலீஸ் ஆஃப் தி ஃபீல்ட்' படத்துக்காக 1964இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார் பாய்ட்டியர். அவ்விருது பெற்ற முதல் கறுப்பின நடிகர்! 2022 ஜனவரி 6ஆம் நாள் மறைந்தார்.

விருதுதான் அவருடைய வெற்றி என்று நாம் எண்ணவில்லை. கடனுக்கு வாங்கிய அந்த 75 டாலரே வெற்றி. விருது வராமலே போயிருந்தாலும் அந்த மறுப்பு சிறுத்துப் போயிருக்காது.

மறுக்கத் துணிந்தவனைப் போற்றுவோம், அது எளிது. மறுக்க முடியாத நிலையை மாற்றுவோம், அதுவே கடமை!