விழுந்தவனை எண்ணுதல்

"இன்னாடா இது, வுழுந்தவனப் போயி அடிக்கிறான்?" என்றார் பெரியப்பா.

ஆரம்பாக்கத்திலிருந்து கிழக்கே இறங்கினால் வரும் ஏரிக்கரைக் குப்பம். வலை காயப்போட்டிருந்த இடத்தில் நான்கைந்து பையன்கள் ஒரு செல்போனைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். திரையில் எம்.எம்.ஏ. சண்டை. குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து கூண்டுக்குள் நடத்துகிற புதிய விளையாட்டு. கீழே கிடந்தவன் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து மற்றவன் முகத்தில் குத்திக்கொண்டிருந்தான். "அங்கதான் தாத்தா ஆட்டமே ஆரம்பிக்குது" என்றான் ஒரு பையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு தார்மீகப் பிரச்னை கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது. தலைமுறை இடைவெளி என்று பெயரிட்டு ஒதுக்கிவிடலாம்தான். பெயரிட்டு ஒதுக்குவது நமக்குக் கைவந்த காரியம்.

பெரியப்பா எழுபதுகளில் ரயிலேறி, கொருக்குப்பேட்டையில் இறங்கி, காசிமேட்டில் படகு வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை பழகியவர். வடசென்னையில் அதற்கு ஆங்கிலக் குத்துச்சண்டை என்று பெயர். வெள்ளைக்காரனிடமிருந்து வந்ததை மீனவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் தமதாக்கிக்கொண்டு, சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரைகளாகப் பிரிந்து மோதினார்கள். 2021-ல் பா. ரஞ்சித்தின் படம் வந்த பிறகு இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகிவிட்டது. அந்தப் பந்தயங்களுக்கு 'ரோசமான' என்று ஒரு அடைமொழி உண்டு. அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

குத்துச்சண்டையின் வசீகரம் எங்கே இருக்கிறது? அடியில் இல்லை. அடி எந்தத் தெருச் சண்டையிலும் கிடைக்கும். 1867-ல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளியான விதிகள் மனித உடம்பிலிருந்து பெரும்பகுதியைக் கழித்துவிட்டன. கால் இல்லை, பிடி இல்லை, கட்டிப்புரளல் இல்லை. இரண்டு கைகள், அவையும் உறைக்குள். மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு. விழுந்தவனுக்குப் பத்து விநாடி. இந்தப் பத்து விநாடிதான் என் கவனத்தை எப்போதும் பிடித்து நிறுத்துவது. அதுவரை இருவருக்கிடையே நடந்துகொண்டிருந்தது சட்டென்று ஒருவனுக்குள் நடக்கத் தொடங்குகிறது. அடித்தவன் விலகி நிற்கிறான். நடுவர் எண்ணுகிறார். தரையில் கிடப்பவன் தன் உடம்போடு பேரம் பேசிக்கொண்டிருப்பதை ஆயிரம் பேர் மூச்சடக்கிப் பார்க்கிறார்கள். விலக்கப்பட்டவற்றால் உருவாகிற உருவம் இது. கவிதையைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியப்பாவின் கோபம் வெறும் பழைய மனுஷனின் கோபமில்லை. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களில் இன்று யார் வலை கட்டுவது என்பது பலத்தால் தீர்வதில்லை, முறைவைத்து வருகிறது. உன் முறை இல்லாத நாளில், இறால் துள்ளினாலும் நீ அங்கே வலையிறக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொள்வதுதான் மரியாதை என்கிற மனோபாவம் இப்படிப்பட்ட தண்ணீரில் வளர்ந்தது. ஆனால் இதையும் சொல்லாமல் விட முடியாது: பாட்டில் பெயர் உள்ளவனுக்குத்தான் முறை. பட்டினவர் குப்பங்களின் உரிமை அது. சேற்றில் குனிந்து கையால் இறால் தடவுகிற இருளர்களுக்குச் சீட்டில் பெயர் கிடையாது. அழகான விதி ஒன்றைக் கண்டால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

எம்.எம்.ஏ. தரப்பு வாதம் சுலபமானது: கையை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை என்பது நாடகம், நிஜச் சண்டை இதுதான். 1993 நவம்பரில் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்தபோது ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒரே ஒரு கையில் மட்டும் உறை அணிந்து வந்தார். ஒரு கை தன் உலகத்துக்கு, இன்னொரு கை இந்த உலகத்துக்கு. ராய்ஸ் கிரேஸி அவரைக் கீழே சாய்த்து மேலே ஏறியதும், பெரிய அடி எதுவும் விழுவதற்கு முன்பே, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். சிரித்தார்கள். எனக்கு அந்த ஒற்றை உறை இரண்டு மொழிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவனின் சின்னமாகத் தெரிகிறது. அதற்கு முன்பே, 1976-ல் டோக்கியோவில், முகம்மது அலியும் மல்யுத்தக்காரர் இனோகியும் மோதியிருக்கிறார்கள். இனோகி பெரும்பாலான நேரம் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து சுற்றுகளில் அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவு சமன். நிஜச் சண்டை என்பது எவ்வளவு சலிப்பூட்டக்கூடியது என்பதற்கு அதைவிட நிரூபணம் வேண்டாம்.

தரைச்சண்டை அந்நியம், அசிங்கம் என்று நம்மால் சொல்லவும் முடியாது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். எதிராளியின் மார்பில் ஒரு கால், அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்னால் ஒரு கால். அந்தப் பையன்களின் செல்போனில் ஓடியது ஏறக்குறைய அதேதான். எங்கள் பெரியப்பா காப்பாற்ற நினைப்பது ஆங்கிலேயனின் விதி. அவர் அருவருப்பது தமிழ் மல்லனின் பிடி. பண்பாட்டுப் பெருமை பேசுகிறவர்கள் இதை என்ன செய்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

1980-க்கு வருகிறேன். அந்த ஆண்டு அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் பந்தயம் ஆடினார். பெரியப்பா போயிருந்தார். அவர் வாழ்க்கையில் அதற்கு இணையான நாள் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸ் பத்துச் சுற்றுகள் அலியை அடித்துத் தீர்த்தார். அலி போதும் என்று சொல்லவில்லை. அவருடைய மூலையிலிருந்த ஆஞ்சலோ டண்டிதான் சொல்லி நிறுத்தினார். நவம்பரில் ராபர்டோ டுரான், ரே லெனார்டுடனான சண்டையின் நடுவே, தானே திரும்பிக்கொண்டு இனி வேண்டாம் என்றுவிட்டார். எத்தனையோ பேரை வீழ்த்திய அந்த மனிதரின் தலையில் அந்த ஒரு மறுப்பு வாழ்நாள் அவமானமாக ஏறிக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து, 1982-ல், கொரியாவின் கிம் டுக்-கூ பதினாலாவது சுற்றுவரை நின்று, விழுந்து, சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின. 1984-ல் அலிக்கு பார்க்கின்ஸன் நோய் என்று தெரிந்தது.

குத்துச்சண்டையின் அழகில் போதும் என்ற சொல்லுக்கு இடமில்லை. பத்து விநாடி என்று நான் மேலே வியந்தேனே, அது கருணை மாதிரித் தெரிகிறது. உண்மையில் இன்னும் அடி வாங்க எழுந்து வருவதற்கான அவகாசம். உறையும் அப்படித்தான்: அது காப்பது அடிப்பவன் கை எலும்பை, அதனால்தான் தலையில் ஓயாமல் அடிக்க முடிகிறது. ரோசம் என்பது இதுதான். எழுவதற்கு ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். எழாமலிருக்க ஒருவனும் கைதட்டமாட்டான். விழுந்தவனை அடிக்கும் அந்த அநாகரிகக் கூண்டிலோ, கீழே கிடப்பவன் இரண்டு தரம் கையால் தட்டினால் முடிந்தது. அடுத்த மாதம் திரும்பி வரலாம். ஜிம்மர்சனைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவர் அன்று தன் மண்டையோடு வீடு திரும்பினார் என்பதைக் கவனிக்கவில்லை.

இதனால் கூண்டுச் சண்டை புனிதமாகிவிடாது. அங்கும் தலையில் அடி உண்டு, பிடியில் மயங்குகிறவர்கள் உண்டு, ரத்தத்தைக் காட்டிக் காசு பண்ணுகிற கம்பெனி உண்டு. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டு உடம்புகள் தரையில் பின்னிக்கிடக்கும்போது என்ன நடக்கிறதென்று விளங்குவதுமில்லை. என் ரசனை இன்றும் அந்தப் பத்து விநாடியின் பக்கம்தான். ஆனால் என் ரசனைக்கு வேண்டிய உருவத்தை யாரோ ஒருவன் தன் மூளையால் செய்துகொடுக்கிறான் என்பது தெரிந்த பிறகு, ரசனை என்ற சொல்லை முன்போலக் கூச்சமில்லாமல் பயன்படுத்த முடியவில்லை.

பெரியப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தானைப் பெரியம்மாதான் போட்டுவிடுகிறாள். வயசு என்கிறார்கள், இருக்கலாம். அன்று திரையில் கீழே கிடந்தவன் தரையைத் தட்டினான். மேலே இருந்தவன் உடனே எழுந்து, அவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

"இன்னாத்துக்குத் தட்டினான்?" என்றார் பெரியப்பா.

"போதும்னு சொல்றான் தாத்தா."

"சொல்லலாமா?"

"சொல்லலாம் தாத்தா."

பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். பையன் விரலால் பின்னுக்குத் தள்ளிப் போட்டான். மூன்று தடவை பார்த்தார்.