முளைக்காத விதை

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஈரப்பஞ்சில் அவரை விதையிட்டு, நாள்தோறும் கண்டதை ஏட்டில் எழுதுகின்றனர். ஒரு சிறுமியின் விதை மட்டும் முளைக்கவில்லை. அவளோ தோழியின் ஏட்டைப் பார்த்து, 'முளை வந்தது' என்று எழுதிவிடுகிறாள். நாமும் சரியெனக் குறியிடுகிறோம். கண்டதை எழுதக் கற்பித்தோமா, நாம் விரும்புவதை எழுதக் கற்பித்தோமா?

'முளைக்கவில்லை' என்று எழுதியிருந்தால், 'ஏன்?' என்னும் வினா பிறந்திருக்கும். பஞ்சில் நீர் தேங்கினால் விதைக்குக் காற்று கிட்டாது, அது அழுகிவிடும். முளைப்பதற்கு நீரோடு காற்றும் வேண்டும் என்னும் பாடத்தை அந்த விதையே புகட்டியிருக்கும்.

விதைப்பவர் உவமையில் (மாற்கு 4) பலன் தராத விதைகளை ஆண்டவர் மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறினார். மதிப்பெண்ணுக்காகப் பொய்யெழுதப் பழகும் கை, பின்னர் எதற்குத் தயங்கும்? ஆகவே, முளைக்காததை முளைக்கவில்லை என்றெழுதும் பிள்ளையையே முதலில் பாராட்டுவோம்.